இருபத்தொன்றா, பத்தொன்பதா? குவெரியிலிருந்து சரியான வரிசைக் கணக்கை எடுப்பது

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் எத்தனை தீவுகள்? அரசுப் பட்டியலில் 21. தண்ணீருக்கு மேலே தலைகாட்டுபவை 19. தூத்துக்குடிக் குழுவின் விலாங்குச்சல்லியும் கீழக்கரைக் குழுவின் பூவரசன்பட்டியும் கடலுக்குள் அமிழ்ந்துவிட்டன. குழுக்களாக எண்ணினால் 4. மூன்றுமே சரியான விடைதான். கேள்விதான் வேறு வேறு.

வெப்சைட்டில் எண்ணிக்கை தப்பாகத் தெரியும்போது பலரும் தரவுத்தளத்தைச் சந்தேகிக்கிறார்கள். அது தப்பாக எண்ணுவது அபூர்வம். மனதில் 19-ஐ வைத்துக்கொண்டு 21-ஐக் கேட்கும் குவெரியை எழுதியிருப்போம். ஆகவே எந்தக் குவெரியையும் தட்டுவதற்கு முன் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: 'என் கணக்கில் ஒன்று என்பது எது?' தீவா, தீவுக்குப் போன பயணமா, பயணத்தில் எடுத்த படமா? இதற்கு விடை தெரியாமல் எழுதிய குவெரி தற்செயலாகத்தான் சரியாக வரும்.

இந்த அத்தியாயத்தில் கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். எடிட்டரில் வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டுங்கள். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட் மூன்றுக்கும் பொதுவானவற்றையே பெரும்பாலும் சொல்கிறேன். எங்கே ஒன்று மற்றதிலிருந்து விலகுகிறதோ அங்கே பெயர் சொல்லி எச்சரிக்கிறேன்.

விடை தெரிந்த பயிற்சி அட்டவணை

எண்ணிக்கையைப் பழக, விடை முன்கூட்டியே தெரிந்த சின்ன அட்டவணைதான் நல்லது. லட்சம் வரிசை உள்ள டேபிளில் 48,213 என்று வந்தால் அது சரியா தப்பா என்று யாருக்குத் தெரியும்? 21 தீவுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

1. 'தீவுகள்' என்று ஒரு டேபிள் உருவாக்குங்கள். நெடுவரிசைகள் நான்கு: எண், பெயர், குழு, பரப்பு. 'எண்' முதன்மைச் சாவி. 'பரப்பு' காலியாக இருக்க அனுமதி கொடுங்கள்.

2. மண்டபம் குழுவில் ஏழு: சிங்கிள், குருசடை, பூமரிச்சான், புள்ளிவாசல், மனோலிப்புட்டி, மனோலி, முயல் தீவு. கீழக்கரைக் குழுவில் ஏழு: முல்லி, வாலை, தலையாரி, அப்பா, பூவரசன்பட்டி, வாழிமுனை, ஆனைப்பார். வேம்பார் குழுவில் மூன்று: நல்லதண்ணி, புளுவினிச்சல்லி, உப்புத்தண்ணி. தூத்துக்குடிக் குழுவில் நான்கு: காரைச்சல்லி, விலாங்குச்சல்லி, காசுவார், வான்.

3. அமிழ்ந்த இரண்டு தீவுகளுக்கும் பரப்பில் ஒன்றும் போடாமல் 'நல்' ஆக விடுங்கள். மற்ற 19-க்கும் இப்போதைக்கு 1 என்று போட்டால் போதும். நாம் பரப்பைக் கூட்டப்போவதில்லை.

4. 'பயணங்கள்' என்று இரண்டாவது டேபிள்: எண், தீவு_எண், கிளம்பிய_நேரம். இதில் கற்பனையாக ஆறு வரிசைகள் போடுங்கள். வானுக்கு 3, காசுவாருக்கு 2, காரைச்சல்லிக்கு 1. மற்ற தீவுகளுக்கு எதுவும் வேண்டாம். (நிஜத்தில் இந்தத் தீவுகளுக்குப் போக வனத்துறை அனுமதி வேண்டும், 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி.)

21, 19, 4, 6 என்ற இந்த நான்கு எண்களையும் மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணுகிற வேலையைத் தரவுத்தளத்திடம் விடுங்கள்

புதியவர்கள் முதலில் செய்வது இது: எல்லா வரிசைகளையும் கொண்டுவரச் சொல்லிவிட்டு, புரோகிராமில் எத்தனை வந்தது என்று எண்ணுவது. 21 வரிசைக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு லட்சம் வரிசை உள்ள டேபிளில் சர்வரின் நினைவகம் திணறும். எண் மட்டும் வேண்டுமென்றால் இப்படிக் கேளுங்கள்:

செலக்ட் கவுண்ட்(*) ஃப்ரம் தீவுகள்;

ஓட்டுங்கள். 21 வர வேண்டும். வராவிட்டால் மேலே போகாமல் டேபிளைத் திறந்து, எந்தத் தீவு விட்டுப்போனது அல்லது இரண்டு முறை ஏறியது என்று பாருங்கள்.

இதிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. மேலே உள்ள குவெரி திருப்பித் தருவது 21 வரிசை அல்ல, 21 என்ற எண் எழுதப்பட்ட *ஒரே ஒரு* வரிசை. அதன் மேல் பிஹெச்பியின் 'நம்_ரோஸ்' வேலையைப் போட்டால் விடை எப்போதும் 1. டேபிள் காலியாக இருந்தாலும் 1. 'வரிசை 0-க்கு மேல் இருந்தால் உள்ளே விடு' என்று லாகின் பக்கத்தில் எழுதி, அதை கவுண்ட் குவெரியோடு சேர்த்துவிட்டால், தப்பான கடவுச்சொல் போட்டவரும் உள்ளே வந்துவிடுவார். கணக்குப் பிழை பாதுகாப்புப் பிழையாக மாறுவது இப்படித்தான். கவுண்ட் குவெரி என்றால் அந்த ஒரு வரிசையை எடுத்து, அதன் முதல் நெடுவரிசையில் உள்ள *மதிப்பைப்* படியுங்கள்.

குறிப்பு: பழைய பாடப் புத்தகங்களில் 'மைஎஸ்க்யூஎல்_நம்_ரோஸ்' என்ற வேலையைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குடும்பம் முழுவதையும் 2015-இல் வெளியான பிஹெச்பி 7-இலேயே நீக்கிவிட்டார்கள். அதைக் காப்பியடித்தால் எண் வராது, பிழைச் செய்திதான் வரும்.

'ரோகவுண்ட்' எல்லா ஊரிலும் ஒரே பேச்சு பேசாது

கல்லூரி மடிக்கணினியில் எஸ்க்யூலைட், ஹோஸ்டிங்கில் மைஎஸ்க்யூஎல் என்று வேலை செய்பவர்கள் இதைக் கவனியுங்கள். பிஹெச்பியின் பிடிஓவில் செலக்ட் குவெரிக்குப் பிறகு 'ரோகவுண்ட்' கேட்டால் மைஎஸ்க்யூஎல் சாதாரணமாகச் சரியான எண்ணைத் தரும். எஸ்க்யூலைட் 0 தரும். பைத்தானில் எஸ்க்யூலைட்டுடன் இதையே கேட்டால் -1. மூன்றும் பிழையல்ல. அந்த வேலை அப்டேட், டிலீட், இன்சர்ட் ஆகியவற்றுக்காகத்தான் உத்தரவாதம் தரப்பட்டது. செலக்ட்டுக்குக் கிடைப்பது டிரைவரின் தயவு.

எஸ்க்யூலைட் வரிசைகளை ஒவ்வொன்றாகக் கையில் கொடுப்பதால், கடைசி வரிசை வரும்வரை மொத்தம் எத்தனை என்று அதற்கே தெரியாது. மைஎஸ்க்யூஎல்லிலும் பெரிய முடிவுகளைத் துண்டு துண்டாக வாங்கும் முறையைப் பயன்படுத்தினால் இதே கதைதான். வரிசைகள் எப்படியும் தேவை, எண்ணும் தேவை என்றால் எல்லாவற்றையும் ஒரு அணியில் வாங்கி அணியின் நீளத்தை எடுங்கள். எண் மட்டும் தேவை என்றால் கவுண்ட் குவெரி.

காலிக் கட்டத்தை எண்ணுவதும் விடுவதும்

இந்த இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டுங்கள்:

செலக்ட் கவுண்ட்(*) ஃப்ரம் தீவுகள்;
செலக்ட் கவுண்ட்(பரப்பு) ஃப்ரம் தீவுகள்;

முதலாவது 21. இரண்டாவது 19. அடைப்புக்குள் நட்சத்திரம் இருந்தால் வரிசையை எண்ணும். நெடுவரிசையின் பெயர் இருந்தால் அந்தக் கட்டத்தில் மதிப்பு உள்ள வரிசைகளை மட்டும் எண்ணும். விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் இரண்டாவது கணக்கில் விழாதது இதனால்தான்.

மூன்றாவதாக, கவுண்ட்(டிஸ்டிங்க்ட் குழு) என்று கேட்டால் 4. திரும்பத் திரும்ப வருவதை ஒருமுறைதான் எண்ணும், 'நல்'லை எண்ணவே எண்ணாது.

அடிக்கடி நடக்கும் தப்புகள்:

1. 'பரப்பு = நல்' என்று வடிகட்டுவது. விடை எப்போதும் 0. 'பரப்பு இஸ் நல்' என்றுதான் எழுத வேண்டும். அப்போது 2 வரும்.

2. 'பரப்பு <> 1' என்று எழுதிவிட்டு, 1 அல்லாத எல்லாம் வரும் என்று நினைப்பது. அமிழ்ந்த தீவுகள் இரண்டும் வராது. பரப்பு தெரியாத தீவைப் பார்த்து '1 அல்ல' என்று சொல்லத் தரவுத்தளம் துணியாது; 'தெரியவில்லை' என்று சொல்லி வெளியே தள்ளிவிடும்.

3. 'நாட் இன்' உள்ளே துணைக் குவெரி வைப்பது. பயணமே போகாத தீவுகளைத் தேட 'எண் நாட் இன் (செலக்ட் தீவு_எண் ஃப்ரம் பயணங்கள்)' என்று எழுதுவார்கள். நம் பயிற்சித் தரவில் 18 வரும், சரி. இப்போது பயணங்களில் தீவு_எண் காலியாக ஒரு வரிசை சேர்த்துப் பாருங்கள். 18 சட்டென்று 0 ஆகிவிடும், ஒரு பிழைச் செய்தியும் வராது. ஒரே ஒரு காலிக் கட்டம் மொத்த அறிக்கையையும் கவிழ்த்துவிடும். இதற்குப் பதில் 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' பழகுங்கள். சோதனை முடிந்ததும் அந்த வரிசையை நீக்கிவிடுங்கள்.

ஜாயின்: எண்கள் பெருகும் இடம்

1961-இல்தான் தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது. அந்தக் குளிப்புகளில் எடுத்த சிப்பிகளை எண்ணி, அரசின் பங்கை ஆயிரம் ஆயிரமாக, உடைக்காமலே ஏலம் விட்டார்கள். எண்ணிய பொருள் சிப்பி. வாங்கியவர் கனவு கண்ட பொருள் முத்து. பெரும்பாலான சிப்பியில் முத்தே இருக்காது, சிலவற்றில் ஒன்றுக்கு மேலும் இருக்கும். ஆயிரம் சிப்பி என்ற எண்ணை வைத்து முத்தின் எண்ணிக்கையைச் சொல்ல முடியாது. தீவுகளுக்கும் பயணங்களுக்கும் உள்ள உறவும் இதே வகைதான். ஜாயின் போட்டதும் உங்கள் குவெரி எண்ணுவது சிப்பியை அல்ல, முத்தை.

படிப்படியாகப் பாருங்கள்.

1. தூத்துக்குடிக் குழுவை மட்டும் வடிகட்டி, தீவுகளையும் பயணங்களையும் இன்னர் ஜாயினால் இணைத்து கவுண்ட்(*) கேளுங்கள். 6 வரும். குழுவில் உள்ள தீவுகள் 4. வந்த 6 பயணங்களின் எண்ணிக்கை.

2. அதிலேயே கவுண்ட்(டிஸ்டிங்க்ட் தீவுகள்.எண்) கேளுங்கள். 3 வரும். பயணம் இல்லாத விலாங்குச்சல்லி காணாமல் போயிருக்கும்.

3. இன்னர் ஜாயினை லெஃப்ட் ஜாயின் ஆக மாற்றி கவுண்ட்(*) கேளுங்கள். 7. விலாங்குச்சல்லிக்காக, வலப்பக்கம் முழுக்கக் காலியாக ஒரு வரிசை சேர்ந்திருக்கிறது. மொத்த 21 தீவுக்கும் இதைச் செய்தால் 24 வரும்: பயணம் இல்லாத 18, பயணங்கள் 6.

4. இப்போது தீவுவாரியாகக் குரூப் பை போட்டு, ஒவ்வொரு தீவுக்கும் எத்தனை பயணம் என்று கேளுங்கள். கவுண்ட்(*) போட்டால் விலாங்குச்சல்லிக்கு 1 என்று காட்டும். ஒருவரும் போகாத, அமிழ்ந்துபோன தீவுக்கு ஒரு பயணம்! கவுண்ட்(பயணங்கள்.எண்) என்று மாற்றுங்கள். 0 வரும்.

நான்காம் படியில் உள்ள பிழையைத்தான் அறிக்கைப் பக்கங்களில் அதிகம் பார்க்கிறேன். 0 வர வேண்டிய இடத்தில் 1 வருவதால் யார் கண்ணிலும் உறுத்தாது. லெஃப்ட் ஜாயினோடு கவுண்ட்(*) சேர்ந்து நிற்பதைப் பார்த்தாலே சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று. 'ஜூன் மாதப் பயணங்கள் மட்டும்' என்ற நிபந்தனையை 'வேர்' பகுதியில் வைத்தால் லெஃப்ட் ஜாயின் தன் வேலையை இழந்து, பயணம் இல்லாத தீவுகள் மறைந்துவிடும். அந்த நிபந்தனையை ஜாயினுக்கு உரிய 'ஆன்' பகுதிக்குக் கொண்டுபோங்கள்.

இரண்டு பக்கமும் பெருகினால்

பயணங்களோடு 'படங்கள்' என்று மூன்றாவது டேபிளும் வைத்து, வான் தீவுக்கு 4 படம் சேருங்கள். மூன்று டேபிளையும் ஒரே குவெரியில் இணைத்து வானின் பயணங்களை எண்ணினால் 12 வரும். படங்களை எண்ணினாலும் 12. ஒவ்வொரு பயணமும் ஒவ்வொரு படத்தோடும் ஜோடி சேர்ந்து 3 × 4 ஆகிவிட்டது.

டிஸ்டிங்க்ட் போட்டால் எண்ணிக்கை 3, 4 என்று திரும்பிவிடும். அதோடு நிறுத்திக்கொள்பவர்கள் அடுத்த மாதம் அதே குவெரியில் 'மொத்த டீசல் செலவு' என்று ஒரு கூட்டலைச் சேர்ப்பார்கள்; செலவு நான்கு மடங்காக வரும். கூட்டலை டிஸ்டிங்க்ட் காப்பாற்றாது, காப்பாற்றுவதுபோல் நடித்தாலும் ஒரே தொகை உள்ள இரண்டு பயணங்களில் ஒன்றை விழுங்கிவிடும். சரியான வழி: பயணங்களைத் தீவுவாரியாக ஒரு துணைக் குவெரியில் எண்ணுங்கள், படங்களை இன்னொரு துணைக் குவெரியில் எண்ணுங்கள், தீவுக்கு ஒரே வரிசை என்று சுருங்கிய பிறகு இணையுங்கள்.

பெட்டியா, டிஇயூவா

வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தின் சரக்குப்பெட்டகக் கணக்கைப் படிப்பவர்கள் டிஇயூ என்ற அளவைப் பார்த்திருப்பீர்கள். 20 அடிப் பெட்டி ஒரு டிஇயூ. 40 அடிப் பெட்டி இரண்டு. ஒரு லாட்டில் 20 அடிப் பெட்டி 6, 40 அடிப் பெட்டி 4 என்றால் கவுண்ட் 10 என்று சொல்லும், துறைமுகக் கணக்கு 14 என்று சொல்லும். அங்கே தேவை கவுண்ட் அல்ல, சம்: டிஇயூ மதிப்பை ஒரு நெடுவரிசையில் வைத்துக் கூட்டுங்கள். சம் பயன்படுத்தும்போது ஒரு ஜாக்கிரதை: வரிசையே இல்லாவிட்டால் கவுண்ட் 0 தரும், சம் 'நல்' தரும். பக்கத்தில் காலியாகத் தெரியாமல் இருக்க 'கோலெஸ்' போட்டு 0 ஆக்குங்கள்.

பெட்டியின் எண்ணும் ஏமாற்றும். ஒரே பெட்டி ஆண்டில் பலமுறை வந்துபோகும். பெட்டி எண்ணை டிஸ்டிங்க்ட் ஆக எண்ணினால் கிடைப்பது பெட்டிகள், அவற்றின் நடமாட்டம் அல்ல.

காலை 5 மணிப் படகு எந்தத் தேதி?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. தடை முடிந்து ஜூன் 15 காலை 5 மணிக்குப் படகுகள் கிளம்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். நேரத்தை யூடிசியில் சேமிக்கும் சர்வரில் அது ஜூன் 14, இரவு 11.30. 'நாள்வாரியாகக் கிளம்பிய படகுகள்' என்று தேதியை மட்டும் வெட்டி எடுத்துக் குரூப் பை போட்டால், துறைமுகப் படகுகள் அத்தனையும் தடைக்காலத்தின் கடைசி நாளில் கடலுக்குப் போனதாக அறிக்கை சொல்லும். மென்பொருளின் கணக்குக்காக ஒரு படகுக்காரர் அதிகாரியிடம் பதில் சொல்லும்படி ஆகிவிடும்.

செய்ய வேண்டியவை:

1. சேமிப்பதை யூடிசியிலேயே செய்யுங்கள். குழப்பம் சேமிப்பதில் இல்லை, நாளை வெட்டுவதில் இருக்கிறது.

2. இந்திய நேரப்படி ஒரு நாளின் எல்லைகளை யூடிசிக்கு மாற்றுங்கள். ஜூன் 15 என்பது யூடிசியில் ஜூன் 14 மாலை 6.30 முதல் ஜூன் 15 மாலை 6.30 வரை.

3. தொடக்கத்தை 'அதற்குச் சமம் அல்லது மேல்' என்றும், முடிவை 'அதற்குக் கீழ்' என்றும் எழுதுங்கள். 'பிட்வீன் ஜூன் 1 அண்ட் ஜூன் 30' என்று எழுதினால் ஜூன் 30 நள்ளிரவு 12 மணிக்கே கதவு மூடிவிடும். 30-ஆம் தேதி முழுவதும் கணக்கில் வராது. மாத அறிக்கை எப்போதும் கொஞ்சம் குறைவாகவே வருகிறது என்று யாராவது சொன்னால் முதலில் இங்கே பாருங்கள்.

இரண்டு மனோலிகள்

தமிழில் தரவு வைப்பவர்கள் அடிக்கடி சந்திக்கும் சிக்கல் இது. ஆங்கிலப் புத்தகங்கள் பலவும் இதைச் சொல்லாது. 'மனோலி' என்பதில் உள்ள 'னோ'வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஓகாரக் குறியை ஒரே குறியீடாக, அல்லது முன்னால் வரும் இரட்டைக் கொம்புக் குறியும் பின்னால் வரும் காலும் என இரண்டு குறியீடாக. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட் இரண்டும் இயல்பான அமைப்பில் இவற்றை வேறு வேறு சொற்களாகப் பார்க்கும். பெயரை வைத்துக் குரூப் பை போட்டால் மனோலி இரண்டு முறை வரும், டிஸ்டிங்க்ட் எண்ணிக்கை ஒன்று கூடும்.

ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் வரும் எல்லாச் சொல்லுக்கும் இது பொருந்தும். கொற்கை, கோவளம் எதுவும் விலக்கல்ல. பலரிடமிருந்து எக்செல் கோப்பாக வரும் தரவில், ஒவ்வொருவர் விசைப்பலகையும் ஒவ்வொரு விதமாகத் தட்டியிருக்கும்.

மருந்து இரண்டு. தரவு உள்ளே நுழையும்போதே யூனிகோடின் 'என்எஃப்சி' வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பிஹெச்பியில் 'நார்மலைசர்', பைத்தானில் 'யூனிகோட்டேட்டா', போஸ்ட்கிரெஸ் 13 முதல் 'நார்மலைஸ்' இதைச் செய்யும். கையோடு முன்பின் உள்ள வெற்றிடங்களையும் வெட்டிவிடுங்கள். இரண்டாவது, எண்ணும்போதும் இணைக்கும்போதும் பெயரை நம்பாமல் தீவின் எண்ணை நம்புங்கள். பெயர் காட்டுவதற்கு மட்டும்.

பக்கம் பிரிக்கும்போது

'21-இல் 1 முதல் 10 வரை' என்று பட்டியலுக்கு மேலே காட்ட வேண்டும். லிமிட் 10 போட்ட குவெரியின் வரிசைகளை எண்ணினால் 10தான் வரும். மைஎஸ்க்யூஎல்லில் இதற்காக இருந்த 'எஸ்க்யூஎல்_கால்க்_ஃபவுண்ட்_ரோஸ்' முறையைப் பதிப்பு 8.0.17 முதல் கைவிடச் சொல்லிவிட்டார்கள். இரண்டு குவெரி எழுதுங்கள்: ஒன்று எண்ண, ஒன்று காட்ட.

இரண்டிலும் வடிகட்டும் நிபந்தனை ஒன்றாக இருக்க வேண்டும். தேடல் பெட்டியில் புது வசதி சேர்க்கும்போது காட்டும் குவெரியில் மட்டும் சேர்த்துவிட்டு, எண்ணும் குவெரியை மறந்துவிடுவார்கள். கடைசிப் பக்கங்கள் வெறுமையாக வரும். நிபந்தனையை ஒரே மாறியில் கட்டி இரண்டுக்கும் கொடுத்தால் இந்தப் பிரச்சினையே எழாது. பயனர் தட்டியதை அந்த நிபந்தனையில் நேரடியாக ஒட்டாமல் 'பிரிப்பேர்' முறையில் மதிப்பாக அனுப்புங்கள்.

காட்டும் குவெரியில் குரூப் பை இருந்தால், அதையே கவுண்ட் ஆக மாற்றினால் குழுவுக்கு ஒரு எண் என்று நான்கு வரிசை வரும். குழுக்கள் எத்தனை என்று தெரிய, அதை அப்படியே உள்ளே வைத்து வெளியிலிருந்து எண்ணுங்கள்:

செலக்ட் கவுண்ட்(*) ஃப்ரம் (செலக்ட் குழு ஃப்ரம் தீவுகள் குரூப் பை குழு) ஆஸ் உ;

கடைசியில் உள்ள 'ஆஸ் உ'வை விட்டால் மைஎஸ்க்யூஎல் பிழை சொல்லும்.

மொத்தம் தேவையே இல்லாமல் 'அடுத்த பக்கம் உண்டா' என்று மட்டும் தெரிய வேண்டுமானால், 10-க்குப் பதில் 11 வரிசை கேளுங்கள். பதினொன்றாவது வந்தால் உண்டு. அதைத் திரையில் காட்டாமல் விட்டுவிடுங்கள்.

தோராய எண்ணை நம்பி விடாதீர்கள்

பிஹெச்பிமைஅட்மின் திரையில் டேபிளுக்குப் பக்கத்தில் வரிசை எண்ணிக்கை தெரியும். அதன் முன்னால் சுழிக்குறி (~) இருந்தால் அது மதிப்பீடு. இன்னோடிபி டேபிள்களின் நிலைத் தகவலில் வரும் எண் நிஜத்திலிருந்து 40 முதல் 50 சதவீதம்கூட விலகலாம் என்று மைஎஸ்க்யூஎல் கையேடே சொல்கிறது. 'சுமார் இத்தனை ஆயிரம் பதிவுகள்' என்று முகப்புப் பக்கத்தில் போட இது போதும். பில்லுக்கும் அரசு அறிக்கைக்கும் கூடாது.

மாற்றும்போதும் நீக்கும்போதும்

அப்டேட் முடிந்ததும் 'எத்தனை வரிசை பாதிக்கப்பட்டது' என்று கேட்டால் மைஎஸ்க்யூஎல் சாதாரணமாகச் சொல்வது *நிஜமாக மாறிய* வரிசைகளை. போஸ்ட்கிரெஸும் எஸ்க்யூலைட்டும் சொல்வது நிபந்தனைக்குப் *பொருந்திய* வரிசைகளை. பயனர் படிவத்தைத் திறந்து ஒன்றும் மாற்றாமல் 'சேமி' அழுத்தினால் மைஎஸ்க்யூஎல் 0 தரும். '0 என்றால் பதிவு இல்லை' என்று நீங்கள் எழுதியிருந்தால், கண் முன்னே இருக்கும் தீவை 'கிடைக்கவில்லை' என்று பக்கம் சொல்லும். பிடிஓவில் இணைப்பு ஏற்படுத்தும்போதே 'ஃபவுண்ட்_ரோஸ்' அமைப்பைப் போட்டால் மைஎஸ்க்யூஎல்லும் பொருந்தியதை எண்ணும். 'ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்' வகை இன்சர்ட்டில் இன்னும் விசித்திரம்: புதிதாகச் சேர்ந்தால் 1, பழையது மாறினால் 2, மாற்றமே இல்லாவிட்டால் 0. இந்த எண்களைக் கூட்டி 'இத்தனை பதிவுகள் ஏறின' என்று காட்டாதீர்கள்.

டிலீட் செய்யும்போது இந்த வரிசையை மீறாதீர்கள்:

1. காப்பு நகல் எடுங்கள்.

2. நீக்கப்போகும் அதே வேர் நிபந்தனையோடு கவுண்ட்(*) ஓட்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. டிரான்சாக்ஷன் தொடங்குங்கள். மைஎஸ்க்யூஎல்லில் பழைய மைஐசாம் வகை டேபிள் என்றால் இங்கேயே நில்லுங்கள். அதில் திரும்பிவர வழி கிடையாது. முதலில் இன்னோடிபிக்கு மாற்றுங்கள்.

4. டிலீட் ஓட்டி, பாதிக்கப்பட்ட வரிசை எண்ணைப் பாருங்கள்.

5. இரண்டாம் படியின் எண்ணோடு பொருந்தினால் கமிட். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் ரோல்பேக். காரணம் தெரிந்த பிறகுதான் மறுபடி.

'ட்ரங்கேட்' இந்தப் பட்டியலில் சேராது. மைஎஸ்க்யூஎல்லில் அது ஓடிய கையோடு கமிட் ஆகிவிடும், எத்தனை வரிசை போனது என்றும் சொல்லாது.

எண்ணிவிட்டு எழுதுவதற்குள்

படகுப் பயணம் ஒன்றுக்கு 20 இருக்கை. முன்பதிவுப் பக்கம் கவுண்ட் பார்க்கிறது, 19 என்று வருகிறது, இருபதாவது ஆளைச் சேர்க்கிறது. அதே நொடியில் இன்னொருவர் திரையிலும் 19தான். இருவரையும் சேர்த்துவிட்டால் 21 பேர். எண்ணிக்கை இரண்டு முறையும் சரியாகத்தான் இருந்தது. எண்ணியதற்கும் எழுதியதற்கும் இடையே கதவு திறந்திருந்தது. தனியாக உட்கார்ந்து சோதிக்கும்போது இது ஒருநாளும் தெரியாது. விடுமுறை நாளில் கூட்டம் வந்ததும்தான் தெரியும். கடலில் கூடுதல் ஆள் என்பது உயிர் சம்பந்தப்பட்டது.

1. 'பயணங்கள்' டேபிளில் 'மீதி_இருக்கை' என்ற நெடுவரிசை வைத்து 20-இல் தொடங்குங்கள். 0-க்குக் கீழே போகக்கூடாது என்று 'செக்' கட்டுப்பாடும் போடுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் பதிப்பு 8.0.16-க்கு முன் அந்தக் கட்டுப்பாட்டை எழுதலாம், ஆனால் அது வேலை செய்யாது.

2. டிரான்சாக்ஷன் தொடங்கி, தனியாக எண்ணாமல் நேராகக் குறையுங்கள்:

அப்டேட் பயணங்கள் செட் மீதி_இருக்கை = மீதி_இருக்கை - 1 வேர் எண் = ? அண்ட் மீதி_இருக்கை > 0;

3. பாதிக்கப்பட்ட வரிசையைக் கேளுங்கள். இங்கே மதிப்பு எப்படியும் மாறுவதால் மூன்று தரவுத்தளமும் ஒரே எண்ணைத்தான் தரும். 1 வந்தால் அதே டிரான்சாக்ஷனில் பயணியின் பெயரை 'பயணிகள்' என்ற டேபிளில் சேர்த்து கமிட் செய்யுங்கள்.

4. 0 வந்தால் ரோல்பேக் செய்துவிட்டு, 'இந்தப் படகு நிரம்பிவிட்டது' என்று சொல்லி அடுத்த படகின் நேரத்தைக் காட்டுங்கள்.

5. இரண்டு உலாவியைத் திறந்துவைத்து, 19 பேரைப் பதிவு செய்து மீதியை 1 ஆக்கி, இரண்டிலும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஒருவருக்கு இருக்கை, ஒருவருக்கு நிரம்பிய செய்தி வர வேண்டும். பிறகு பயணிகள் டேபிளில் அந்தப் பயணத்துக்கு மட்டும் கவுண்ட்(*) ஓட்டுங்கள். அந்த எண்ணும் மீதி_இருக்கையும் சேர்ந்து 20 ஆக வேண்டும்.